நூறு வெள்ளிக்குள் ஒரு பர்பன்: மூன்று குவளைகள், மறைத்த பெயர்கள்

போர்பன் என்றதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது பிஸ்கட்தான். தேக்காவில் எந்த மளிகைக் கடைக்குள் நுழைந்தாலும் அடுக்கில் இருக்கும். கிரீமை முதலில் நக்கிவிட்டுப் பிஸ்கட்டைத் தேநீரில் நனைப்பவர்கள் ஒரு கட்சி, அப்படியே கடிப்பவர்கள் இன்னொரு கட்சி. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதன்று. அமெரிக்க விஸ்கியைப் பற்றியது. ஆங்கில எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான். பிஸ்கட்டைப் ‘போர்பன்’ என்போம், விஸ்கியை அமெரிக்கர்கள் ‘பர்பன்’ என்பார்கள். இரண்டு பெயரும் பிரான்சை ஆண்ட ஒரே அரச வம்சத்தில் போய்த்தான் முடிகின்றன. கெண்டக்கியில் பர்பன் என்றொரு வட்டாரம் இருக்கிறது, நியூ ஆர்லியன்சில் பர்பன் தெரு இருக்கிறது. விஸ்கிக்குப் பெயர் எதிலிருந்து வந்தது என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. வானொலியில் பெயர்களின் உச்சரிப்பைச் சரிபார்த்தே பிழைப்பு நடத்துவதால் இதை முதலில் சொல்லிவிட்டேன்.

அண்மைக்காலமாக என் வயதுக்காரர்கள் கூடும் இடங்களில் இந்தப் பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. ஸ்காட்ச் விஸ்கியின் வயதை ஒப்பிப்பது அப்பாக்கள் காலத்து வழக்கமாகிவிட்டது. இப்போது ‘கிராஃப்ட் பர்பன்’. சிறு வடிசாலை, கைவினைத் தயாரிப்பு, குறைந்த எண்ணிக்கை என்று கதையோடு வரும் போத்தல்கள். மென்பொருள் துறையில் இருக்கும் என் நண்பர் அப்படி ஒன்றுக்கு 150 வெள்ளி கொடுத்து வாங்கிவந்து, “நல்லா இருக்குல்ல?” என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்ற ஒரு பதில்தான் பொருந்தும். 150 வெள்ளி கொடுத்தவரிடம் வேறு எதைச் சொல்வது? பெயர்ச்சீட்டை மறைத்துவைத்துச் சுவைத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும் என்று இருவருமாக முடிவுசெய்தோம். அவருடைய போத்தல் ஒன்று. இங்குள்ள மதுக்கடைகளில் நூறு வெள்ளிக்குள் கிடைக்கும் பஃபலோ டிரேஸ் ஒன்று. அமெரிக்கா சென்று திரும்பிய உறவினர் எனக்கு வாங்கிவந்த நியூ ரிஃப் ஒன்று.

சட்டம் பேசும் இடமும் பேசாத இடமும்

பர்பன் என்ற சொல்லை அமெரிக்கச் சட்டம் கறாராகக் காவல் காக்கிறது. தானியக் கலவையில் மக்காச்சோளம் குறைந்தது 51 விழுக்காடு. வடிக்கும்போது மதுச்சாரம் 80 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. உட்புறம் நெருப்பில் கருக்கப்பட்ட, புத்தம்புதிய ஓக் மரக் கலனில்தான் ஊற வேண்டும். கலனுக்குள் போகும்போது 62.5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது, போத்தலில் 40க்குக் கீழே இறங்கக்கூடாது. தண்ணீரைத் தவிர வேறெதையும் சேர்க்க அனுமதியில்லை. ஸ்காட்ச்சில் நிறத்துக்காகக் கேரமல் சேர்க்கலாம். பர்பனில் அதற்கும் இடமில்லை. கெண்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவுக்குள் எங்கே செய்தாலும் அது பர்பன்தான்.

புதிய பீப்பாய் என்ற விதியால் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடியும் பர்பன் ஊற்ற முடியாது. அவற்றில் ஏராளமானவை கப்பலேறி ஸ்காட்லாந்துக்குப் போகின்றன. நம் அப்பாக்கள் பெருமையாகப் பேசிய ஸ்காட்ச்சில் பெரும்பகுதி, பர்பன் காலிசெய்த வீட்டில் குடியேறி வளர்ந்ததுதான்.

‘கிராஃப்ட்’ என்ற சொல்லுக்கு வந்தால் அதே சட்டம் வாயை மூடிக்கொள்கிறது. அதற்குச் சட்டப்படி வரையறையே இல்லை. அமெரிக்கக் கைவினை மதுத் தயாரிப்பாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஆண்டுக்கு 750,000 புரூஃப் கேலன் என்று ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. நமக்குப் புரியும் கணக்கில் 50 விழுக்காட்டு விஸ்கி 2.8 மில்லியன் லிட்டர். கொல்லைப்புறத்தில் தாத்தா ஒருவர் செம்புப் பானையில் வடிக்கும் படத்தைச் சீட்டில் பார்க்கும்போது இந்த எண்ணையும் நினைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. இந்தியானா மாநிலத்தின் லாரன்ஸ்பர்க் நகரில் ஒரு பெரிய ஆலை இருக்கிறது. அங்கு வடித்த விஸ்கியை வாங்கிப் போத்தலில் அடைத்துத் தம் பெயரில் விற்கும் நிறுவனங்கள் பல. விஸ்கி மோசமில்லை, நல்ல சரக்குத்தான். ஆனால் முன்பக்கம் மலையும் ஓடையும் தாத்தாவும் இருக்க, பின்பக்கச் சீட்டின் அடியில் ‘டிஸ்டில்டு இன் இந்தியானா’ என்று எறும்பெழுத்தில் இருக்கும். வடித்த மாநிலம் வேறாக இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது விதி. அதேபோல நான்கு ஆண்டுக்குக் குறைவாக ஊறியிருந்தால் வயதையும் சொல்ல வேண்டும். கடையில் நிற்கும்போது போத்தலைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தை எழுதுவது விளம்பரக்காரர். பின்பக்கத்தில் பாதியையாவது எழுதுவது சட்டம்.

அந்தப் பின்பக்கத்தில் ‘பாட்டில்டு இன் பாண்ட்’ என்று இருந்தால் இன்னும் நல்லது. 1897ல் வந்த சட்டம் அது. கலப்படச் சரக்கு சந்தையில் நிறைந்து கிடந்த காலத்தில், வாங்குபவருக்கு அரசாங்கம் கொடுத்த உத்தரவாதம். ஒரே வடிசாலை, ஒரே பருவத்து வடிப்பு, அரசின் கண்காணிப்பில் இருக்கும் கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டு, போத்தலில் சரியாக 50 விழுக்காடு. நான் பார்த்தவரை, கதை சொல்லாத நேர்மையான வாசகம் இதுதான்.

மலிவு என்பது சிங்கப்பூரில் வேறு கணக்கு

இங்கே மதுபானத்துக்கான தீர்வை, போத்தலின் விலையைப் பார்ப்பதில்லை. உள்ளிருக்கும் சாராயத்தின் அளவைத்தான் பார்க்கிறது. ஒரு லிட்டர் தூய மதுச்சாரத்துக்கு 88 வெள்ளி. 40 விழுக்காடு கொண்ட 700 மில்லிலிட்டர் போத்தலுக்கு 24 வெள்ளி 64 காசு. 45 விழுக்காடு என்றால் 27 வெள்ளி 72 காசு. அமெரிக்க அளவான 750 மில்லிலிட்டரில் 50 விழுக்காடு என்றால் 33 வெள்ளி. அடக்க விலையும் தீர்வையும் சேர்ந்த தொகைமேல் 9 விழுக்காடு பொருள், சேவை வரி.

இதில் நமக்குச் சாதகமான ஒரு நுணுக்கம் இருக்கிறது. அடக்க விலை 15 வெள்ளியாக இருந்தாலும் 50 வெள்ளியாக இருந்தாலும், சாராய அளவு ஒன்றாக இருந்தால் தீர்வையும் ஒன்றே. மிக மலிவான போத்தலை வாங்கும்போது நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு தீர்வைக்குப் போகிறது, விஸ்கிக்கு அன்று. அமெரிக்காவில் இரு மடங்கு வித்தியாசமுள்ள இரண்டு போத்தல்கள் இங்கே அவ்வளவு விலகி நிற்பதில்லை. ஆகவே சிங்கப்பூரில் சேமிக்க நினைப்பவர் அடித்தட்டுப் போத்தலை வாங்குவதைவிட, ஒரு படி மேலே போய் வாங்கி, பாதி அளவு குடிப்பதே லாபம். மேல்தட்டுக்கும் போக வேண்டாம். 100 வெள்ளிக்கு மேல் கொடுப்பதில் எவ்வளவு விஸ்கிக்கு, எவ்வளவு கனமான கண்ணாடிக்கும் தக்கைக்கும் என்பது எனக்கு எப்போதும் சந்தேகம்.

வெளிநாட்டிலிருந்து வருபவர் 18 வயது நிரம்பியவராக, 48 மணிநேரமாவது வெளியே இருந்தவராக இருந்தால் ஒரு லிட்டர் வரை இவ்வகை மது தீர்வையின்றிக் கொண்டுவரலாம். மலேசியாவிலிருந்து வருபவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஜோகூர் போய்வந்த கையோடு யாரும் கணக்குப் போட வேண்டாம். என் நியூ ரிஃப் அப்படித்தான் வந்தது. அமெரிக்காவில் அதன் விலை சுமார் 40 டாலர்.

அக்காவின் நிபந்தனைகள்

சுவைப்பு நடந்தது நண்பரின் செங்காங் வீட்டில். நண்பர், அவருடைய தோழியான ஒரு தாதி, நான். ஊற்றிக் கொடுக்க ஒருவர் வேண்டும். எது எந்தப் போத்தல் என்று அவருக்கு மட்டுமே தெரிய வேண்டும். அதற்கு முன்வந்தவர் நண்பரின் அக்கா. மதுவைத் தொடாதவர். தொடாததற்குக் காரணமும் உண்டு: அவர்களுடைய அப்பா குடியால் போனவர். அக்காவுக்கு அப்போது 17 வயது, தம்பிக்கு 9. தம்பியின் அலமாரியில் போத்தல்கள் ஏறிக்கொண்டே போவதை அக்கா எப்படிப் பார்ப்பார் என்று விளக்க வேண்டியதில்லை. “நான் இல்லாம எப்படியும் செய்வீங்க. நான் இருந்தே செய்யுங்க” என்றார்.

நிபந்தனைகள் மூன்று. யாரும் கார் ஓட்டி வரக்கூடாது. ஒரு குவளைக்கு 15 மில்லிலிட்டர், இரண்டாம் முறை கிடையாது. முடிந்ததும் மிச்சம் மூன்றையும் நான் என் வீட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும். அளப்பதற்கு அவர் கொண்டுவந்தது பிள்ளைகளின் காய்ச்சல் மருந்தோடு வரும் சிறு பிளாஸ்டிக் குவளை. சிரித்தோம். ஆனால் அதைவிடச் சரியான அளவுகோல் எந்த மதுக்கூடத்திலும் இல்லை. மூன்று குவளையும் சேர்த்து ஏறத்தாழ 17 கிராம் மதுச்சாரம். ஆண்களுக்கு நாளுக்கு 20 கிராம், பெண்களுக்கு 10 என்பது இங்கே சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் வரம்பு. தாதித் தோழி சுவைத்ததில் பாதிக்கு மேல் ஒரு கிண்ணத்தில் உமிழ்ந்துவிட்டார். அநாகரிகம் என்று நினைக்காதீர்கள். தொழில்முறைச் சுவைஞர்கள் செய்வது அதுதான்.

குவளை முக்கியம். வாய் குறுகி, வயிறு அகன்ற துலிப் பூ வடிவக் குவளை இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் சிறிய ஒயின் குவளை போதும். அகன்ற வாய்க் குவளையில் வாசனை காற்றோடு போய்விடும். மூக்கை உள்ளே விடாமல் விளிம்புக்கு அருகே வைத்து, உதட்டைச் சற்றுத் திறந்தபடி முகர வேண்டும். அப்போதுதான் சாராயத்தின் காரம் மூக்கைக் குத்தாது. அன்று மதியம் சம்பல் சாப்பிட்டிருந்தால் சுவைப்பை மறுநாளைக்குத் தள்ளிவையுங்கள். முறுக்கும் காரக்கடலையும் மேசைக்கு வரவே கூடாது. வெறும் கிரீம் கிராக்கரும் தண்ணீரும்தான்.

ஊற்றும்போதே அக்கா நின்றுவிட்டார். போத்தலின் வாயருகே இன்னொரு முறை முகர்ந்தார். “எனக்குத் தெரிஞ்ச சாராய வாடை அப்பாவோட சட்டையில இருந்ததுதான். இது அது இல்லையே. தேங்காய்த் துருவலை வறுக்கிற மாதிரி இருக்கு.”

அன்று மேசையில் இருந்தவர்களில் மிகச் சரியான மூக்கு அவருடையது. பர்பன் ஊறும் அமெரிக்க வெள்ளை ஓக்கில் லாக்டோன் என்றொரு வேதிப்பொருள் மிகுதி. அதன் வாசனை தேங்காய்தான். மரத்தைக் கருக்கும்போது அதிலுள்ள லிக்னின் உடைந்து வெனிலாவின் வாசம் தரும் வெனிலின் பிறக்கிறது. மரத்தின் சர்க்கரைப் பொருள்கள் தீயில் பழுத்துக் கேரமலாகின்றன. கிராம்புக்கு வாசனை கொடுக்கும் யூஜெனால்கூட ஓக் மரத்தில் இருக்கிறது. அமெரிக்க நூல்கள் ‘டாஃபி’, ‘பட்டர்ஸ்காட்ச்’, ‘மேப்பிள்’ என்று எழுதும் இடத்தில், நம் சமையலறையில் வளர்ந்த மூக்கு கருப்பட்டி, வறுத்த தேங்காய், கிராம்பு என்று சொல்லும். யாரோ எழுதிய பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, நம் அடுப்படியில் தேடுவது விரைவான வழி.

மூன்று குவளைகள்

முதல் குவளை எளிதாக இறங்கியது. பழுத்த வாழைப்பழம், தேன், வெனிலா. எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. விழுங்கிய பத்து நொடியில் சுவை போய்விட்டது என்பதுதான் குறை. தாதித் தோழி பத்துக்கு எட்டு கொடுத்தார், நான் ஏழு, நண்பர் ஏழு.

இரண்டாவது குவளையின் நிறம் கண்ணைக் கவர்ந்தது. மூன்றிலும் அதுதான் அடர்த்தி. நண்பர் பார்த்தவுடனே “இதுதான் பெரிய வயசு” என்றார். முகர்ந்தால் தச்சுப் பட்டறை. இப்போதுதான் இழைத்த பலகையின் வாசம், அடியில் அவித்த சோளம். நாக்கில் முதலில் இனிப்பு, பிறகு வெகுநேரம் ஊறிப்போன தேயிலையின் துவர்ப்பு நாக்கின் ஓரங்களைப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் விட்டும் அது விடவில்லை. நான் ஐந்து, தோழி நான்கு, நண்பர் ஐந்து.

மூன்றாவது முதலில் சுட்டது. 50 விழுக்காடு என்பதை மறைக்க முடியாது. மிளகு, கிராம்பு, அதற்குப் பின்னால் கருப்பட்டிக் காப்பி. ஒரு தேக்கரண்டியில் பாதியளவு தண்ணீர் விட்டோம். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2017ல் கணினி மாதிரிகளை வைத்து இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: மதுச்சாரம் குறையும்போது குவையகோல் போன்ற வாசனை மூலக்கூறுகள் மேற்பரப்புக்கு ஏறிவருகின்றன. எங்கள் மூக்குக்கும் அப்படித்தான் பட்டது. வெப்பம் தணிந்து, வறுத்த வேர்க்கடலையும் ஆரஞ்சுத் தோலும் வந்தன. விழுங்கி ஒரு நிமிடம் கழித்தும் ஏலக்காய் மென்றதுபோல் வாய் நிறைந்திருந்தது. நான் எட்டரை, நண்பர் ஒன்பது. தோழி ஆறுக்கு மேல் கொடுக்கவில்லை: “நாள் முழுக்க வேலை பார்த்துட்டு வர்றவங்களுக்கு இது சண்டை போடுது.” அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

அக்கா தாளைப் பிரித்தார். ஒன்று பஃபலோ டிரேஸ். மூன்று நியூ ரிஃப். இரண்டு, நண்பரின் 150 வெள்ளி. பின்பக்கச் சீட்டில் வயது 14 மாதம் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. சிறிய பீப்பாயில் விஸ்கிக்கும் மரத்துக்கும் உரசல் அதிகம். நிறமும் துவர்ப்பும் வேகமாக ஏறிவிடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் கோடையில் விஸ்கி மரத்துக்குள் புகுந்து, குளிரில் வெளியேறி, காற்றோடு கலந்து மெல்ல முதிரும் வேலைக்குக் குறுக்குவழி இல்லை. பிரஷர் குக்கரில் வைத்த குழம்பு வெந்திருக்கும், மறுநாள் மீன்குழம்பு ஆகிவிடாது. நண்பர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு போத்தலைக் கையில் எடுத்து, “கண்ணாடி மட்டும் நல்ல கனம்” என்றார்.

அப்படியானால் கிராஃப்ட் என்பதே ஏமாற்றா? நியூ ரிஃப்பும் சிறு வடிசாலைதான். ஓஹையோ ஆற்றங்கரையில், சின்சினாட்டிக்கு எதிர்க்கரையில் உள்ள நியூபோர்ட் என்ற ஊரில், மதுக்கடை நடத்திவந்த கென் லூயிஸ் 2014ல் தொடங்கியது. சொந்தச் சரக்கு ஊறுவதற்கு நான்கு ஆண்டு காத்திருந்து, 2018ல்தான் முதல் பர்பனை வெளியிட்டார்கள். அதுவரை இந்தியானாவிலிருந்து வாங்கிய விஸ்கியை வேறு பெயரில் விற்றார்கள். அந்த விஸ்கியின் பெயரிலேயே இந்தியானா ஓர் எழுத்தாக இருந்தது: ஓகேஐ, அதாவது ஓஹையோ, கெண்டக்கி, இந்தியானா. 65 விழுக்காடு சோளம், 30 ரை, 5 முளைகட்டிய பார்லி என்று கலவையையும் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அந்த 30 விழுக்காடு ரைதான் நாங்கள் உணர்ந்த மிளகுக் காரம். குளிர்வித்து வடிகட்டுவதில்லை, அதனால் பனிக்கட்டி போட்டால் கொஞ்சம் கலங்கலாம். கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம்.

என் தீர்ப்பு இது. யாராவது அமெரிக்காவிலிருந்து வருவதாக இருந்தால் நியூ ரிஃப் சொல்லிவிடுங்கள். 40 டாலருக்கு அது கொடுப்பது அதிகம். கடையில்தான் வாங்க வேண்டும் என்றால் பஃபலோ டிரேஸ் போதும். அது பெரிய ஆலையின் சரக்கு, கிராஃப்ட் என்று அது சொல்லிக்கொள்வதும் இல்லை. நான்கு ஆண்டு நிரம்பாத எதற்கும் நூறு வெள்ளிக்கு மேல் கொடுக்காதீர்கள். இரவில் குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு கடையில் வாங்க முடியாது என்பதும் லிட்டில் இந்தியாவில் வார இறுதியில் கட்டுப்பாடு இன்னும் கடுமை என்பதும் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

குவளைகளைக் கழுவும்போது அக்கா கேட்டார்: “இப்படி ருசி பார்க்கக் கத்துக்கிட்டா குறைச்சுக் குடிப்பீங்களா, இல்ல, இன்னும் நல்லதா தேடித் தேடிக் குடிப்பீங்களா?” தம்பி பதில் சொல்வார் என்று நான் பார்த்தேன், அவர் நான் சொல்வேன் என்று பார்த்தார். என்னைப் பொறுத்தவரை, ஒரு குவளையோடு அரை மணிநேரம் உட்கார்ந்திருக்க முடிகிறது. முன்பு அந்த நேரத்தில் மூன்று போயிருக்கும். ஆனால் நிறுத்த முடியாதவருக்குத் துலிப் குவளையும் கருப்பட்டி வாசமும் எந்த உதவியும் செய்யப் போவதில்லை. அவர்களுடைய அப்பாவுக்குச் செய்திருக்காது. அக்காவிடம் அதைச் சொன்னேன். “தெரியும்” என்று சொல்லிவிட்டு, மருந்துக் குவளையை வெந்நீரில் இரண்டு முறை அலசினார்.

பேசியபடி மூன்று போத்தல்களும் இப்போது என் வீட்டில், வெயில் படாத அலமாரியில், நிமிர்ந்த நிலையில் இருக்கின்றன. படுக்கவைத்தால் சாராயம் தக்கையை அரித்துவிடும். தம்பி இரண்டு முறை வந்து 15 மில்லிலிட்டர் நியூ ரிஃப் குடித்துவிட்டுப் போனார். அளவுக் குவளையை அவரே கொண்டுவந்தார். அந்தக் கனமான 150 வெள்ளிப் போத்தல் காலியானால் தனக்கு வேண்டும் என்று அக்கா சொல்லிவைத்திருக்கிறார். சன்னலோரத்தில் மணி பிளாண்ட் வைக்க ஒன்று குறைகிறதாம்.